17 தடவை: ஜிபே சொன்ன கணக்கும் சொல்லாத கணக்கும்

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே ஓர் ஊரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டேன், ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வயது 41. கணவர் 14 வருடமாகச் சிங்கப்பூரில் வேலை. இவர் மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார், பஸ் பிடித்து வீடு வந்து சேர ஆறேமுக்கால் ஆகிவிடும். மகன் பிளஸ் ஒன், மகள் ஏழாவது, கூடவே 70 வயது மாமியார்.

கடிதம் நாலு பக்கம். மகன் டியூஷன் முடிந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் தள்ளுவண்டி பாஸ்ட் புட் கடையில் ஆஃப் பிளேட் சிக்கன் ரைஸோ முட்டை நூடுல்ஸோ சாப்பிட்டுவிட்டு, தங்கச்சிக்கும் ஒரு பார்சல் கட்டிக்கொண்டு வருகிறான். ஒருநாள் ராத்திரி கோபத்தில் இவர் ஜிபேயைத் திறந்து பழைய கணக்கையெல்லாம் தோண்டி எண்ணியிருக்கிறார். 2021 ஜூலையில் 2 தடவை. 2023 ஜூலையில் 6. போன மாதம் 17. "17னு பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிடுச்சு டாக்டர். எப்ப இப்படி ஆச்சுன்னே தெரியல" என்று எழுதியிருக்கிறார்.

மாமியார் சொல்வது: "எங்க காலத்துல கடைச் சாப்பாடுன்னு ஒண்ணு உண்டா? சமைக்க முடியலைன்னா இப்படித்தான்." கணவர் வீடியோ காலில் சொல்வது: "நான் 14 வருஷமா கடைச் சாப்பாடுதான், எனக்கு என்ன ஆச்சு? ஆனா புள்ளைங்களுக்குக் குடுக்காத." (இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறாராம்.) மகள் 11 வயதில் பெரியவளாகிவிட்டாள், அது பிராய்லர் கோழியாலா, அஜினோமோட்டோவாலா என்று ஒரு கேள்வி. மகனுக்குக் காசை அடியோடு நிறுத்திவிடலாமா என்று ஒன்று. கடையை மூடச் சொல்லி ஆபீஸரிடம் புகார் கொடுக்கலாமா என்று இன்னொன்று. கடைசிப் பக்க ஓரத்தில், பின்குறிப்பு மாதிரி, "பொண்ணுக்குக் கழுத்துல கறுப்பு, பாட்டி பயத்தமாவு போட்டுத் தேச்சும் போகல. எனக்கு மூணு மாச சர்க்கரை 6.1 வந்திருக்கு, பயப்படணுமா?" என்று இரண்டு வரி.

அம்மா, எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அந்த ஓரத்து இரண்டு வரிதான். அதற்கு வருகிறேன். ஆனால் நீங்கள் பெரும்பாடுபட்டு எண்ணியிருக்கிறீர்கள், அதனால் அந்தக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

எண்ணியது சரி, ஒப்பிட்டது சரியில்லை

கும்பகோணத்தில் 20 வருடத்துக்கு மேல் கிளினிக் வைத்திருக்கிறேன். "கடையில் எத்தனை தடவை சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் எனக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: "எப்பவாவது ஒரு தடவை டாக்டர்." அந்த எப்பவாவது என்பது வாரத்துக்கு ஒன்றா நாலா என்று சொன்னவருக்கே தெரியாது. பொய் சொல்கிறார்கள் என்று இல்லை, ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யும். பழகிப்போன ஒன்றை மனசு எண்ணுவதில்லை, நேற்று எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தோம் என்று எண்ணாத மாதிரி. நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள், அது பெரிய விஷயம்.

ஆனால் 2021 ஜூலை எப்படிப்பட்ட மாதம்? கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்தும் ஓயாத நேரம், பள்ளிக்கூடம் திறக்கவில்லை, பையன் வீட்டில் போனில் பாடம் படித்துக்கொண்டிருந்திருப்பான். அந்த மாதத்தை வைத்து "அப்போ 2, இப்போ 17" என்றால் எட்டு மடங்குக்கு மேல் என்று மிரட்சி வரத்தான் செய்யும். தவிர அப்போது உங்கள் ஊரில் எத்தனை தள்ளுவண்டியில் கியூஆர் அட்டை தொங்கியது? கையில் காசு கொடுத்து வாங்கியது எதுவும் ஜிபேயில் இருக்காது. ஆக 2ஐ மறந்துவிடுங்கள். 2023-இன் 6ஐக்கூட 8 என்றோ 9 என்றோதான் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்தாலும் இரண்டு வருடத்தில் இரட்டிப்பு ஆகியிருக்கிறது, அது நிஜம், அதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் நேரமும் இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? நான் பேனா வைத்துக் குறித்துப் பார்த்தேன். 17-இல் 13 தடவை இரவு 7.50-க்கும் 8.20-க்கும் நடுவில். மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்சல். ஒன்று யாருடைய பிறந்தநாளோ, 640 ரூபாய். அந்த 13ம் டியூஷன் உள்ள நாட்கள். பையன் பள்ளியில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாலரைக்கு பள்ளி விட்டு, ஐந்தரைக்கு டியூஷன், எட்டுக்கு முடிகிறது. பன்னிரண்டரையிலிருந்து எட்டு வரை ஏழரை மணி நேரம், நடுவில் பெட்டிக்கடை பிஸ்கட் ஒரு பாக்கெட். 16 வயசுப் பையன், கபடி வேறு ஆடுகிறான். டியூஷன் வாசலை விட்டு வெளியே வந்ததும் இருபதடி தூரத்தில் அடுப்பு இரைகிறது, இரும்புச் சட்டியில் கரண்டி தட்டும் சத்தம், மிளகுத்தூள் வாசனை. நானாக இருந்தாலும் நின்றிருப்பேன். நின்றும் இருக்கிறேன், அது வேறு கதை.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்தது 2022 கடைசியில். பையன் ஒன்பதாவதில் டியூஷன் சேர்ந்தது 2023 ஜூனில். கூடிப்போனதற்குக் காரணம் இந்த இரண்டு தேதிகளுக்குள் இருக்கிறது. நாக்கு கெட்டுப்போனது என்றும் வளர்ப்பு சரியில்லை என்றும் வீட்டில் பேசுவதெல்லாம் அப்புறம்தான்.

(ஜிபே பின் நம்பரைப் பிளஸ் ஒன் பையன் கையில் கொடுத்து வைத்திருக்கிறீர்கள், அது தனிப் பிரச்சினை. அதை நான் பேசப் போவதில்லை.)

"எங்க காலத்துல" என்ற வாதம்

மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் சொல்வதில் பாதி உண்மைதான். என் சின்ன வயசில் ஹோட்டலுக்குப் போவது என்றால் அப்பாவுக்குச் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணம் கடைத்தெருவில் பூரி மசாலாவும் ஒரு டிகிரி காபியும், அதுவும் நாலு பேருக்கு மூன்று காபி. மாசத்துக்கு ஒரு தடவை. பரோட்டா சால்னா என்பது லாரிக்காரர்கள் ராத்திரியில் சாப்பிடுவது என்றே நினைத்திருந்தோம்.

மீதிப் பாதியை அவர் வசதியாக மறந்துவிட்டார். நடவு நாட்களில் பதினோரு மணிக்கு வயலுக்கே டீயும் வடையும் போகும், அது கடை வடைதான். சாயங்காலம் டீக்கடைப் பலகையில் ஆறிக்கிடக்கும் பஜ்ஜி, போண்டா எல்லாம் நேற்று வந்தவை இல்லை. உங்கள் கடிதத்திலேயே மூன்றாம் பக்கத்தில், "மாமியாருக்கு மட்டும் தினம் சாயங்காலம் டீக்கடை போண்டா ரெண்டு வாங்கிக் குடுத்துடுவேன், அது இல்லைன்னா முகம் சுருங்கிடும்" என்று இருக்கிறது. தினம் என்றால் மாதம் 30. பையனுடைய 17ஐ விடக் கூடுதல். காசு கையில் கொடுப்பதால் உங்கள் கணக்கில் அது வரவே இல்லை!

இதை அவரை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. பாஸ்ட் புட் என்ற பெயர்ப்பலகை இருந்தால் அது கணக்கில் வரும், டீக்கடைப் பலகாரம் வராது என்று நாமெல்லாருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம். நின்றபடி சாப்பிடுவது, பொரித்தது, மைதா, உப்பு தூக்கல், காய் கிடையாது என்று பார்த்தால் போண்டாவும் அதே குடும்பம்தான்.

உங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையும் இல்லை இது. மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1999-2000-இல் இந்தியக் கிராமத்துக் குடும்பம் 100 ரூபாய் செலவழித்தால் அதில் தானியத்துக்கே 22 ரூபாய் போனது. பானங்கள், பலகாரம், பாக்கெட் உணவு எல்லாம் சேர்த்து 4 ரூபாய் சொச்சம்தான். 2022-23-இல் தானியம் 5 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது, பானமும் பதப்படுத்திய உணவும் 9 ரூபாய் 62 காசு. அரிசிக்கும் கோதுமைக்கும் ஆகும் செலவைப் போல இரண்டு மடங்கு இதற்குப் போகிறது. நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய மண்ணில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் என்னவோ போலத்தான் இருந்தது. ரேஷன் அரிசி கிடைப்பதும் அதில் ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சிங்கப்பூர்க்காரருக்கு ஒரு வார்த்தை

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. வெளியே சாப்பிடுவது என்பதாலேயே கெட்டது என்று ஆகிவிடாது. அங்கே ஹாக்கர் சென்டர்களில் (சின்னச் சின்னக் கடைகள் சேர்ந்த பொது உணவுக்கூடங்கள்) சாப்பிடுவது அன்றாட வாழ்க்கை, 2020-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மதியம் சத்துணவு சாப்பிடுகிறார்கள், காலை உணவுத் திட்டம் வேறு வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் அதை மாநிலம் முழுக்க விரிவாக்கியதே நம் பக்கத்துத் திருக்குவளையில் வைத்துத்தான். அதுவும் வீட்டுக்கு வெளியே சாப்பிடுவதுதானே, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, நல்லதுதான்.

ஆனால் அதே சிங்கப்பூர்தான் 2016-இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தது என்பதையும், 2022 கடைசியிலிருந்து பாக்கெட் பானங்களில் சர்க்கரை அளவை வைத்து ஏ, பி, சி, டி என்று தரம் போட வைத்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார் அல்லவா, அடுத்த முறை லீவில் வரும்போது ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

இன்னொரு விஷயம். ஏறிய எண் ஏறிக்கொண்டேதான் போகும் என்று கிடையாது. பாஸ்ட் புட்டுக்குப் பேர்போன அமெரிக்காவில் 2013-16-இல் ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டால் பெரியவர்களில் 36.6 சதவீதம் பேர் அன்று பாஸ்ட் புட் சாப்பிட்டிருந்தார்கள். 2021-23-இல் அது 32 சதவீதம். கொஞ்சம்தான், ஆனாலும் இறங்கியிருக்கிறது. அந்த 2013-16 கணக்கில் வருமானம் கூடக்கூட பாஸ்ட் புட் சாப்பிடுவதும் கூடியிருந்தது, ஆகவே ஏழை சாப்பாடு என்பதும் சரியில்லை. நேரமில்லாதவர்களின் சாப்பாடு என்றால் உங்களுக்குப் புரியும்.

அஜினோமோட்டோ, பிராய்லர்: இரண்டும் குற்றவாளி இல்லை

அந்த வெள்ளைத் தூளைப் பற்றி வாட்ஸ்அப்பில் வராத வதந்தி கிடையாது. அது தக்காளியில் இயற்கையாகவே இருக்கும் குளுட்டமேட்டின் உப்பு. பெண் பிள்ளை சீக்கிரம் வயதுக்கு வருவதற்கு அதுதான் காரணம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதில் சோடியம் 12 சதவீதம், சாதா உப்பில் 39. நீங்கள் பயப்பட வேண்டியது கடைக்காரர் அதற்கு முன்னும் பின்னும் போடுவதைப் பார்த்துத்தான்.

ஒரு தடவை அந்த மாதிரி வண்டிப் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சட்டி காய்ந்ததும் ஒரு குழிக்கரண்டி எண்ணெய். அது நாலு மேசைக்கரண்டி பிடிக்கும், நாலு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 480 கலோரி, இன்னும் சோறே விழவில்லை. அப்புறம் முட்டை, ஒரு பிடி முட்டைக்கோஸ், சோறு, உப்பு, சோயா சாஸ் ஒரு சுற்று, சில்லி சாஸ் ஒரு சுற்று. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், உப்பாகச் சொன்னால் 2 கிராமுக்கு மேல். ஒரு நாள் முழுக்க நமக்கு உப்பு 5 கிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை பாருங்கள்.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி என்பதும் கதைதான். பல ஆயிரம் கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. இன விருத்தியும் தீவனமும்தான் அந்த வேகத்துக்குக் காரணம். ஆன்டிபயாடிக் கொடுப்பதுதான் நிஜமான கவலை, அது வேறு. 11 வயதில் பெரியவளாவது இன்றைக்கு அசாதாரணமே இல்லை. 8 வயதுக்கு முன்னாலேயே மார்பு வளர்ச்சி தொடங்கினால்தான் நாங்கள் முன்கூட்டிய பருவம் என்று பரிசோதிப்போம். உடல் எடை கூடின பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் முன்னால் நடக்கும், அவ்வளவுதான். அதனால் மகளிடம் "கோழி தின்னதாலதான்" என்று யாரும் சொல்லிக் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கழுத்துக் கறுப்பு

தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது அழுக்கு இல்லை. கழுத்துப் பின்பக்கம், அக்குள் மடிப்பு இங்கெல்லாம் தோல் கறுத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். பயத்தமாவுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் அது போகாது, தேய்த்தால் தோல் புண்ணாகி இன்னும் கறுக்கும். எடை சரியாகி இன்சுலின் சீராகும்போது தானே மங்கும்.

இங்கே உங்கள் எண்ணம் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. கடையில் அதிகம் சாப்பிடும் மகனைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவன் ஒல்லி, ஓடுகிறான், ஆடுகிறான். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை, ஆனால் இப்போது பார்க்க வேண்டியது மகளை. கடைச் சாப்பாட்டில் அவளுக்கு வருவது அண்ணன் கொண்டுவரும் பார்சலும் ஞாயிற்றுக்கிழமைப் பார்சலும் மட்டும்தான், ஆனால் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து பாட்டி கொடுக்கும் பிஸ்கட், மிக்சர், கலர் ஜூஸோடு ஏழு மணி வரை போன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், பெரியவளானதிலிருந்து தெருவில் விளையாட விடுவதும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ்ட் புட்டை நாளையே நிறுத்திவிட்டால்கூட இவள் கணக்கு பெரிதாக மாறாது.

ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், அரசு மருத்துவமனையே போதும். உயரம், எடை, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ஈரல் பரிசோதனை, தேவைப்பட்டால் தைராய்டு. அவள் காதுபட "குண்டு" என்ற சொல் வேண்டாம். சைக்கிளை மறுபடி கொடுங்கள்.

உங்களுடைய 6.1 விஷயம். 5.7-லிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. பயப்பட வேண்டியதில்லை, அசட்டையாக இருக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்புப்படி பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை கூடியவர்கள், ஐந்து வருடத்துக்கு முந்தைய கணக்கில் 30.9 ஆக இருந்தது, அதனால் உங்களை மட்டும் தனியாக நொந்துகொள்ளாதீர்கள். நம் நாட்டில் நடந்து 2006-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இந்த முந்தைய நிலையில் இருந்தவர்களுக்குச் சாப்பாட்டையும் நடையையும் மாற்றியதில் மட்டும் மூன்று வருடத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை இல்லாமல். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிள்ளைகள் மிச்சம் வைத்த ரைஸை வீணாக்கக் கூடாது என்று நீங்கள் சாப்பிடுகிறீர்களா? எழுதவில்லை, ஆனால் அநேகமாக ஆம் என்று நினைக்கிறேன். அதை நிறுத்துங்கள்.

கடைமேல் புகார் கொடுக்கலாமா?

உங்கள் மகன் அடிக்கடி சாப்பிடுகிறான் என்பதற்காக ஒருவர் கடையை மூடச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்ததைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-இல் ஒரு விதி வந்திருக்கிறது. அது பள்ளிக்கூடத்துக்கு. உங்கள் பையன் சாப்பிடும் இடம் டியூஷன் சென்டர் பக்கம், பஸ் ஸ்டாண்ட் ஓரம். அந்த விதி அங்கே உதவாது.

ஆனால் கடை சுத்தமில்லை என்றால் கதை வேறு. தள்ளுவண்டியாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும், 14 இலக்க எண் தருவார்கள். பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் 2018 ஜூலையிலிருந்து வரம்பு இருக்கிறது. சோதனைக்கருவி உங்களிடம் இருக்காது, கண்ணும் மூக்கும் போதும்: எண்ணெய் காபி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால், காய்வதற்கு முன்பே புகைந்தால், நுரை அடங்காமல் நின்றால், அந்தக் கடை வேண்டாம். சில்லி சிக்கன் செங்கல் நிறத்தில் மின்னி, கை கழுவியும் சிவப்பு போகாவிட்டால் அதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஷவர்மா வாங்குகிறீர்கள், பச்சை முட்டையில் செய்த மயோனைசை தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத்துக்குத் தடை செய்தது, காரணம் இல்லாமல் இல்லை.

இதையெல்லாம் விட நான் பயப்படுவது அன்னக்கூடையில் இருக்கும் சோற்றை. மதியம் வடித்து, நம் ஊர் வெயிலில் மூடி வைத்து, ராத்திரி எட்டு மணிக்கு எடுத்து வதக்குகிறார்கள். அப்படிக் கிடக்கும் சோற்றில் ஒரு வகைக் கிருமி பெருகி நஞ்சு விடும், எத்தனை தீயில் வதக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து விடாமல் வாந்தி எடுத்தால் அதுவாக இருக்கலாம். "சோறு எப்போ வடிச்சதுண்ணே?" என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்கும் வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் கொஞ்சம் பார்த்துத்தான் கொடுப்பார்.

பதிவு எண் இல்லை, எண்ணெய் மோசம், யாருக்காவது வயிறு கெட்டது என்றால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், தேதி, நேரம், படத்தோடு. அவர்களும் பெரும்பாலும் முதலில் எச்சரித்துத் திருந்தச் சொல்வார்கள். அந்த வண்டிக்காரருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். வீட்டுக் கோபத்தை அவர் அடுப்பில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம்.

காசை நிறுத்தாமல் என்ன செய்வது

காசை நிறுத்தினால் நண்பன் போனில் வாங்குவான், அப்புறம் உங்களிடம் கணக்கே இருக்காது. இப்போது 17 என்று தெரிகிறது, அப்போது பூஜ்யம் என்று தெரியும். இப்படி ஒரு வீட்டில் நடந்து, பையன் கூட்டாளிகளிடம் 1,800 ரூபாய் கடன் வைத்துவிட்டு அப்பா காதுக்குப் போன பஞ்சாயத்தை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த ஏழரை மணி நேர இடைவெளியை அடைத்தால் போதும். நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் வயிறு நிறைய ஏதாவது. நீங்கள் அப்போது வீட்டில் இல்லை, சரி. காலையில் குக்கரில் கொண்டைக்கடலையோ பட்டாணியோ இரண்டு விசில் விட்டு வைத்துவிட்டுப் போங்கள், ஐந்து மணிக்குத் தாளிப்பது மாமியாரால் முடியும். அவித்த முட்டை இரண்டு. அடை மாவு ஒரு தடவை அரைத்தால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் வரும். மோர்க்களி, புளி உப்புமா எல்லாம் அவர் கைப்பக்குவம் என்று எழுதியிருக்கிறீர்களே, "அத்தை, உங்க மோர்க்களியை வெச்சுத்தான் அவன் கடைக்குப் போறதைக் குறைக்கணும்" என்று கேட்டுப் பாருங்கள். குறை சொல்லிக்கொண்டிருப்பவர் கையில் பொறுப்பைக் கொடுத்தால் பேச்சு பாதி குறையும். பையன் வீட்டுக்கு வராமல் நேராக டியூஷன் போகும் நாட்களில் பையில் ஒரு டப்பா வறுத்த வேர்க்கடலை, இரண்டு வாழைப்பழம்.

கூட்டாளிகளோடு வண்டிக்கடையில் நின்று அரட்டை அடிப்பது அவனுக்கு ரைஸை விட முக்கியம், அதைப் பிடுங்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் அவனே தேர்ந்தெடுக்கட்டும், மற்ற நாட்களில் வீட்டில் சூடாக ராத்திரிச் சாப்பாடு. தங்கச்சிக்குப் பார்சல் வாரம் ஒன்று, பாதி அளவு. ஞாயிற்றுக்கிழமை அவனையே வீட்டில் முட்டை சாதம் கிளறச் சொல்லுங்கள், அன்று வடித்த சோறு, அரைக் கரண்டி எண்ணெய், இரண்டு பங்கு காய். முதல் தடவை அடிப்பிடிக்கும், யாரும் சிரிக்கக் கூடாது.

முதல் மாதம் 17ஐ 10 ஆக்கினால் போதும், பரீட்சை நேரத்தில் திரும்ப ஏறும், ஏறட்டும், அடுத்த மாதம் பாருங்கள். சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்குமே, அதே கட்டத்தில் கடையில் சாப்பிட்டதையும் ஒவ்வொருவரும் தன் எழுத்தைப் போட்டுக் குறிக்கட்டும், கையில் காசு கொடுத்து வாங்கியதும் சேர்த்து. மாமியார் போண்டாவும் அதில் வர வேண்டும், அவர் கையாலேயே எழுதட்டும், அவருக்குச் சர்க்கரை, பிரஷர் கடைசியாக எப்போது பார்த்தது என்றும் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். மகளை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது அந்தக் காலண்டர் தாளையும் மடித்து எடுத்துக்கொண்டு போங்கள். அப்புறம், பேனாவை ஒரு நூலில் கட்டி ஆணியில் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் இரண்டே நாளில் அது பையனுடைய டியூஷன் பைக்குள் போய்விடும்.